காதறுத்த குதிரைக்கால்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்.

நான்.

என் மனைவியின் தம்பி. என்னை அத்தான் என்பான். நான் அவனை மாப்ள என்பேன்.

மேஸ்திரி. மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். எங்களிடம் பேசும்போது மலையாளத்தில் தமிழைக் கலந்து பேசுவார். திட்டும்போது கலப்பு இருக்காது.

பாலீஷ் போடும் சேச்சி.

ஒரு மரக்குதிரை.

முதலாளி அங்கே இல்லை. போனில் இருந்தார்.

ஸ்டேஷனில் இதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்த எஸ்.ஐ. குதிரையில் பேனாவை நிறுத்தினார். "குதிரை வேண்டா. மனுஷரை மட்டும் சொல்லு," என்றார். மனுஷர் நாலு பேர். அதில் இரண்டு பேருக்குக் கை போயிருந்தது. ஒரே பட்டறை. ஒரே மத்தியானம். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மாப்ளயின் கையைப் பற்றி எஸ்.ஐ. அதிகம் கேட்கவில்லை. மிஷின் வெட்டிய கை பார்த்தாலே தெரியும். மேஸ்திரியின் கையைப் பற்றித்தான் கேட்டார். அது வைஸில், மரத்தைக் கடித்துப் பிடிக்கிற இரும்புப் பிடியில், நசுங்கிய கை.

"வைஸ் தானா முறுகுமோ?"

"கைப்பிடியில இடுப்பு பட்டா திரும்பும் சார்."

"எத்தனை வட்டம் திரும்பும்?"

நான் யோசித்தேன். ஒரு சுற்று என்றால் இடுப்பு பட்டது என்று சொல்லலாம். எண்ணெய் போட்ட வைஸ், லேசாகத் தட்டினாலே ஓடும். இரண்டு என்றால் யாரோ கையால் திருப்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் திருப்பியவன் நின்று, காலை ஊன்றித் திருப்பியிருக்கிறான். ஒன்று என்றால் விபத்து. மேலே போனால் கேஸ். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒண்ணு சார்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

பட்டறை பஜார் ரோட்டில், பழைய சுக்குக் கிடங்கு. இப்போது சுக்கு இல்லை. ஆனாலும் மழை பிடித்தால் சுவரிலிருந்து அந்தக் காட்டம் வரும், தும்மல் வரும். பின்புறம் காயல். முன்புறம் முதலாளியின் கடை. பழைய கதவு, தூண், கட்டில், பத்தாயம், வாகனம், படகின் மூக்கு எல்லாம் விற்பார். உடைந்து வருவதை முழுசாக்கி முன்னால் அனுப்புவது எங்கள் வேலை.

பழைய சாமானில் நேரான மரம் குறைவு. நாற்காலிக் கால் வளைந்திருக்கும். கட்டில் கால் உருண்டிருக்கும். தூணின் தலையில் பூ இருக்கும். வைஸ் என்பது இரண்டு தட்டையான தாடை. தட்டையாக எதைக் கொடுத்தாலும் கடிக்கும். உருண்டையாகக் கொடுத்தால் துப்பிவிடும். துப்பிய மரம் சும்மா விழாது. உளி மேலே இருக்கும்போது துப்பினால் உளி தொடைக்கு வரும். எனக்கு வலது தொடையில் அப்படி ஒரு தழும்பு உண்டு.

அதனால் பிடிக்கிற வேலைதான் பாதி வேலை. உருண்டை மரத்துக்கு, நடுவில் பள்ளம் வெட்டிய இரண்டு கட்டை. அதில் மரத்தைப் படுக்கவைத்து மேலே கயிறு. கயிறு மேசையில் உள்ள ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். கீழே ஒரு வளையம். காலை உள்ளே விட்டு மிதித்தால் மரம் நிற்கும். வளைந்த மரத்துக்கு மண் பை. முக்கால் பை மணல். மரத்தை அதில் வைத்து அமுக்கினால் மணல் அதன் வடிவத்துக்குப் படுத்துக்கொள்ளும். செதுக்கு முடிந்த பக்கத்தைக் கடிக்க வேண்டுமென்றால் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவோம். தழும்பு விழாது.

பிடித்த பிறகு ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் உலுக்க வேண்டும். அசையவில்லை என்றால் 'நிக்குது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் உளி. இது மேஸ்திரியின் சட்டம். சொல்லாமல் உளியை எடுத்தால் கொட்டாப்புளி பறந்து வரும். மரச் சுத்தியல்தான், ஆனால் புளியமரம். ஒரு தடவை என் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "இது கண்ணு போகாதிருக்கான்," என்றார். அதாவது கண் போகாமல் இருக்க அடித்தாராம். பஞ்சும் அவரே வைத்தார்.

புதிதாகச் செதுக்குகிற எதற்கும் காது விடுவோம். குதிரைக்கால் செய்கிறோம் என்றால் தொடைப் பக்கம் ஒன்று, குளம்புப் பக்கம் ஒன்று, இரண்டு முனையிலும் சதுரக் கட்டையை அப்படியே விட்டுவிடுவோம். அதுதான் காது. நடுவில் கால் எப்படி வளைந்தாலும் வைஸ் காதைப் பிடித்துக்கொள்ளும். திருப்பித் திருப்பிச் செதுக்கலாம். எல்லா வேலையும் முடிந்து கடைசியாகத்தான் காதை அறுப்போம். முதலில் அறுத்தால் அந்தக் கால் அதன் பிறகு யார் கையிலும் நிற்காது.

இதை எனக்குச் சொன்னவரும் மேஸ்திரிதான்.

அந்தக் குதிரை ஆள் உயரம். உடம்பும் தலையும் நன்றாக இருந்தன. கால் நாலும் செல்லரித்திருந்தன. புதுக்கால் ஆஞ்சிலி மரத்தில் செய்யச் சொன்னார்கள். பின்கால் இரண்டும் நேர். முன்கால் ஒன்று நேர். இன்னொரு முன்காலை அது தூக்கியிருக்கும், முட்டி மடங்கி. மடங்கிய அந்தக் காலுக்குத்தான் ஒன்பது நாள் ஆனது. முட்டி முன்னால் புடைக்கும், பின்னால் குழியும், கீழே கணுக்கால் மெலியும். எந்தப் பக்கம் வைத்தாலும் மேசையில் உருளும்.

மாப்ளதான் அரம் போட்டான். வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரில் லாரி ஓட்டினான். அது பிடிக்காமல் வந்தான். நான்தான் கூட்டி வந்தேன். அவன் அக்காள், "கூடவே வச்சுக்கிடுங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயா குடிக்க வெளியே போனோம், நானும் அவனும். திரும்பி வந்தால் மேசையில் கால் கிடந்தது. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தது. கீழே இரண்டு சதுரக் கட்டை.

"காது எங்க?" என்றேன்.

மேஸ்திரி மரம் அறுக்கும் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அறுத்து."

"ஏன்?"

"முதலாளி போட்டோ கேட்டார். காதோட போட்டோ எடுத்தா வாங்குற வெள்ளைக்கார சாயிப்பு கேக்கும், குதிரை கால்ல எந்தா பெட்டி கட்டி வச்சிருக்குன்னு."

"முட்டிக்குப் பின்னால குழி எடுக்கலயே."

அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். முட்டிக்குப் பின்னால் மரம் மொத்தமாக அப்படியே இருந்தது. போட்டோவில் அந்தப் பக்கம் தெரியாது. அவருக்கு முகம் மாறியது. ஒரு நொடிதான். பிறகு, "அறியாம்," என்றார். தெரியும் என்று அர்த்தம். தெரியாமல்தான் அறுத்தார். போனில் முதலாளி கத்தியிருக்கிறார், இவர் அறுத்துவிட்டார். முப்பது வருஷம் பிறரை அடித்துச் சொன்ன ஒரு காரியத்தில் அவரே விழுந்தார்.

"பிடிச்சுச் செய்," என்றார்.

"எதைப் பிடிச்சு?"

"நினக்குக் கை இல்லே?"

மாப்ள சிரித்தான். "அத்தான், குதிரைக்கு மூணு கால் போதும்னு சொல்லுங்க. நாலாவதைத் தூக்கிட்டுத்தான நிக்குது."

மேஸ்திரி அவன் பின்மண்டையில் ஒன்று வைத்தார். ஓங்கி வைத்தார். அவன் குனிந்த வேகத்தில் நெற்றி மேசையில் இடித்தது. நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. கையை முறுக்கினான். நான் நடுவில் நின்றேன்.

"விடு மாப்ள."

"உங்களுக்காக விடுதேன்," என்றான்.

பசை போட்டுக் காதைத் திரும்ப ஒட்டலாம் என்று சொன்னேன். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் காலையில் பிடிக்கலாம். மேஸ்திரி கேட்கவில்லை. நாளைக் காலை வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் பூட்டுகிறார்கள், குதிரை இன்றைக்கே பெட்டிக்குள் போக வேண்டும் என்றார். அதற்குள் போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் அவர் நின்றுகொண்டே, "ஆ, கழிஞ்ஞு, கழிஞ்ஞு," என்றார். முடிந்துவிட்டதாம்.

பிடித்துப் பார்த்தோம். மண் பையில் அமுக்கினோம். நின்றது. மரம் தேய்க்கும் கை கிரைண்டரைத் தொட்டதும் நடுக்கத்தில் மணல் ஒதுங்கிக் கொடுத்தது. கயிறு போட்டு மிதித்தேன். கயிறு முட்டியிலிருந்து வழுக்கிக் கணுக்காலுக்கு இறங்கியது. கணுக்காலில் டியூப் சுற்றி வைஸில் கொடுத்தோம். மெலிந்த இடம், தாடை இரண்டு விரல் அகலம்தான் திறந்திருந்தது. இறுக்கினால் மரம் முனகியது. இன்னும் இறுக்கினால் கணுக்கால் முறியும். எடுத்துவிட்டோம். வைஸ் அப்படியே திறந்து கிடந்தது.

உளியால் எடுக்கிறேன் என்றேன். "ஒரு மணிக்கூர் ஆகும்," என்றார் மேஸ்திரி. கிரைண்டரில் செயின் பிளேடைப் போட்டார். மரம் செதுக்க விற்கிற வட்ட பிளேடு அது, சுற்றிலும் பல். மரத்தை வெண்ணெய் போல் எடுக்கும். அதற்கு மேல் ஒரு இரும்பு மூடி இருக்கும். மூடியோடு குழிக்குள் பிளேடு போகாது. மேஸ்திரி மூடியைக் கழற்றினார். கிரைண்டரை என் கையில் கொடுத்தார். மாப்ளயைப் பார்த்தார்.

"எடா பாண்டி, நீ பிடிக்கு."

பாண்டி என்பது தமிழனை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல். மாப்ள அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நிக்குமா அத்தான்?"

இந்த இடத்தை நான் மாற்றிச் சொல்ல முடியாது. மேஸ்திரி சொன்னதற்காக அவன் பிடித்திருக்க மாட்டான். நெற்றியில் இடித்த கோபம் இருந்தது. நான் சொன்னேன்.

"புடி மாப்ள. அஞ்சு நிமிஷம். நீ விடாம இருந்தா நிக்கும்."

அவன் மேசைமேல் கவிழ்ந்தான். குதிரைக்காலை மண் பைமேல் வைத்து, தொடைப் பக்கத்தை நெஞ்சால் அமுக்கினான். இடது கை குளம்பில். வலது கை கணுக்காலில். நான் ஆட்டிப் பார்க்கவில்லை. நிக்குது என்று சொல்லவும் இல்லை. கிரைண்டரை ஓட்டினேன்.

முதல் இரண்டு நிமிஷம் நன்றாகப் போனது. குழி விழுந்தது. தூள் அவன் முகத்தில் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சத்தம் மாறியது. மரத்தில் ஒரு கணு இருந்திருக்கிறது. பிளேடு அதைக் கடித்தது. கால் உருண்டது. கிரைண்டர் என் கையிலிருந்து துள்ளி, கணுக்கால் வழியாக ஓடியது. அங்கே அவன் கை இருந்தது.

அவன் கத்தவில்லை. "ஆ, அத்தான்," என்றான். ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி சொன்னான். கண்ணைத் திறந்து கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மோதிர விரல் தோலில் தொங்கியது. பிளேடு மண் பையையும் கிழித்திருந்தது. மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. ரத்தம் மணலில் விழுந்து உருண்டை உருண்டையாகச் சேர்ந்தது. மேலே ஓடு வரைக்கும் தெறித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

சேச்சி ஓடி வந்தார். பாலீஷ் துணியில் ஸ்பிரிட் இருந்தது. அதை எறிந்துவிட்டுத் தன் துப்பட்டாவை உருவிச் சுற்றினார். மரச்சுருளுக்குள் கையை விட்டுத் தேடினார். ஒரு விரல் கிடைத்தது. சாயாக்கடையில் ஐஸ் வாங்கி அதைப் பையில் போட்டார். மற்ற விரல் கிடைக்கவில்லை. நாலு நாள் கழித்து மணலை அள்ளும்போது அதையும் அவரே எடுத்தார். காயல் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்.

ஆட்டோ வந்தது. மாப்ள சேச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனான். வாசலில் திரும்பினான்.

"அத்தான், வாங்க."

"வாறேன். முன்னால போ," என்றேன்.

போகவில்லை.

மேஸ்திரி மேசையின் முன்பக்கம் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை, வெளுத்திருந்தது. நிற்க முடியாமல் இடது கையால் வைஸின் முன்தாடையைப் பிடித்திருந்தார். நாலு விரலும் தாடைக்கு மேலாக உள்பக்கம் இறங்கியிருந்தன. தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிடிக்கத் தெரியாதவனை எந்தினா நிறுத்தினது. பிடிக்கத் தெரியணும். பாண்டிக்குப் பிடிக்கத் தெரியாது."

நான் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். கிரைண்டரை மேசையில் வைத்தேன். மேசையைச் சுற்றி வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். விலகவில்லை. தண்ணீர் கொடுக்க வருகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

கைப்பிடியைத் தட்டினேன். வாரா வாரம் எண்ணெய் போடுகிறவன் நான்தான். தாடை ஓடிவந்து விரலைத் தொட்டது. பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

"மதி," என்றார். போதும் என்றார். "மதி, மதி."

நான் திருப்பினேன். அவர் வலது கை மேசையில் துழாவியது. கொட்டாப்புளி அகப்பட்டது. என் தோளில் அடித்தார். எலும்பில் சத்தம் கேட்டது. மறுபடி அதே இடத்தில் அடித்தார். மூன்றாவது அடி காதில். உள்ளே விசில் கேட்டது. அது இன்றைக்கும் கேட்கிறது. நான் கைப்பிடியை விடவில்லை. தாடைக்குள் ஏதோ உடைந்தது. காய்ந்த குச்சி மாதிரி இல்லை. ஈரக் குச்சி மாதிரி. கொட்டாப்புளி கீழே விழுந்தது. அவர் முழங்கால் மடங்கியது. கை மட்டும் மேலே நிற்க, ஆள் கீழே தொங்கினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் உலுக்கினேன். அசையவில்லை.

"நிக்குது," என்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

போட்டதைக் கழற்ற வேண்டும். கழற்றவும் அதே அளவுதான் திருப்ப வேண்டும். இறுக்கும்போது நான் எண்ணவில்லை. கழற்றும்போது எண்ணினேன். கழற்றும்போதுதான் அவர் கத்தினார்.

ஆட்டோவில் நானே கூட்டிப் போனேன். அவர் கையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தோப்பும்படி பாலத்தில் வண்டி நின்றது. அப்போது பேசினார்.

"மூடி கழட்டினது நான். காது அறுத்ததும் நான். நீ அதைச் சொல்லாதே. நான் இதைச் சொல்லல."

நான் தலையை ஆட்டினேன். என் தோளைத் தூக்க முடியவில்லை.

"எங்கயோ தட்டி, வைஸ் ஒரு வட்டம் திரும்பிச்சு. அவ்வளவுதான்," என்றார்.

அப்படித்தான் அவரும் சொன்னார். நானும் சொன்னேன். சேச்சி, மாப்ளயோடு ஆட்டோவில் போய்விட்டேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றார். அது உண்மை. எஸ்.ஐ. பேனாவை மூடினார். மூடிய பிறகு என் காதைப் பார்த்தார். ரத்தம் காய்ந்திருந்தது. "இதுவும் வைஸா?" என்றார். பிறகு போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் நின்றாள். யாரோ போனில் சொல்லியிருந்தார்கள்.

"மிஷின் யார் கையில இருந்துச்சு?"

"என் கையில."

தோசைக் கரண்டியை எடுத்தாள். இரும்புக் கரண்டி. முதல் அடி தோளில் விழுந்தது, மேஸ்திரி அடித்த அதே இடம். கண்ணில் பூச்சி பறந்தது. நான் நகரவில்லை. முதுகில், கையில், தலையில் அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். கரண்டி வளைந்த பிறகு கையால் அடித்தாள். அடித்து முடித்துக் கீழே உட்கார்ந்தாள்.

"கூட வச்சுக்கிடுங்கன்னுதான சொன்னேன்," என்றாள்.

அந்தக் கரண்டியை நான் நிமிர்த்திக் கொடுத்தேன். அதில் இன்னும் ஒரு நெளிவு இருக்கிறது. தோசை அதற்கேற்ற மாதிரிதான் வருகிறது.

மறுநாள் ஒற்றைத் தோளோடு பட்டறைக்குப் போனேன். அறுத்த காதைப் பசை போட்டு ஒட்டினேன். அதற்கு மறுநாள் காலையில் வைஸில் பிடித்தேன். ஆட்டிப் பார்த்தேன். மிச்சக் குழியை உளியால் எடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரத்தம் ஆஞ்சிலிக்குள் இறங்கிவிட்டது, சீவினாலும் போகவில்லை. சேச்சி கறுப்பாகப் பாலீஷ் போட்டார். கன்டெய்னர் அந்த வாரம் போகவில்லை. கப்பல் தாமதமாம். குதிரை பெட்டிக்குள் ஆறு நாள் சும்மா நின்றது.

மாப்ளக்கு ஐஸில் வைத்த விரல் ஒட்டவில்லை. மோதிர விரலைத் தைத்தார்கள், மடங்காது. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"நீங்க ஏன் அத்தான் ஆட்டோல வரல?"

"வேலை இருந்துச்சு."

"அப்ப என்ன வேலை?"

நான் கட்டிலின் காலைப் பார்த்தேன். இரும்புக் கட்டில். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். மிஷின் வெட்டியதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. இதை மட்டும் இன்னும் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அதே பதில்தான் சொன்னேன்.

இப்போது ஆலுவாவில் பழவண்டி வைத்திருக்கிறான். அன்னாசியை இடது கையால் சீவுகிறான். வேகமாகவே சீவுகிறான். பார்க்கப் போனால் பேசுவான், சிரிப்பான். "அஞ்சு கிலோன்னு கை காட்டுனா மூணுன்னு எடுத்துக்கிடுதானுவ அத்தான்," என்பான். அவன் கத்தியை எடுக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மேஸ்திரி நாலு மாதம் கழித்து வந்தார். வேறு பட்டறைக்குப் போவார் என்று நினைத்தேன். நான் போயிருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். இரண்டு பேரும் போகவில்லை. அதே மேசை, அதே வைஸ். இடது கை நாலு விரலும் பாதிக்கு மேல் மடங்காது. ஆசாரிக்கு வலது கை அடிக்கிற கை. இடது கை உளியைப் பிடிக்கிற கை. உளி அவர் கையில் சுழல்கிறது. அதனால் சின்ன வேலைக்கு அவர் உளியை நான் பிடிக்கிறேன், அவர் அடிக்கிறார். என் விரலுக்கு ஒரு அங்குலம் மேலே கொட்டாப்புளி இறங்கும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் தவறும் என்றே நான் பிடித்திருப்பேன்.

அவர் இப்போது கொட்டாப்புளி எறிவதில்லை. பாண்டி என்பதில்லை. என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம். கட்டில் கால் ஒன்று வைஸில் இருந்தது. இரண்டு முனையிலும் காது இருந்தது. சேச்சி மார்க்கெட்டில் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வாங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கதவு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி குனிந்து பையைக் கிளறினார்.

"எந்தா மேஸ்திரி, என் கப்பையில கை வைக்குறது?"

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"வேவிச்சுத் தரணுமோ?"

"வேண்டா. பச்சையே மதி."

ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இடது கை விரலோடு வைத்துப் பார்த்தார். தடியானதை உள்ளே போட்டார். விரல் பருமனில் ஒரு வால் கப்பை கிடைத்தது. கட்டில் காலை வைஸிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். கப்பையைத் தாடைக்குள் வைத்து, தொடுகிற அளவுக்கு மூடினார்.

"அன்னைக்கு எத்தனை வட்டம்?"

"ஒண்ணு."

"அது ஸ்டேஷன்ல. எனக்குச் சொல்லு."

சேச்சியின் தேய்ப்புச் சத்தம் நின்றது.

"ரெண்டு வரை நான் எண்ணினேன். பிறகு ஓர்மை இல்லை," என்றார். "நான் மதின்னு சொன்னது எப்போ?"

"ஒண்ணு முடியுமுன்ன."

"பிறகும் திருப்பினாய்."

"திருப்பினேன்."

அவர் கையைக் கைப்பிடிப் பக்கம் நீட்டினார். "திருப்பிக் காட்டு."

கைப்பிடியில் கை வைத்தேன். பழைய தோள் வலித்தது. திருப்பினேன். கப்பையின் தோல் வெடித்துப் பால் இறங்கியது. அவர் எண்ணவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் முறிந்தது. சத்தம் ஒன்றுதான், அதே சத்தம். அவர் இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் வெள்ளைச் சதை தாடைக்கு மேலே பிதுங்கி வந்து மேசையில் விழுந்தது.

"முடிஞ்சோ?" என்றார்.

"இல்லை."

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அன்று அவர் முழங்கால் மடங்கிய இடத்தில் நிறுத்தினேன். கையை எடுத்தேன்.

"சொல்லு," என்றார்.

"மூணேகால்."